தென்காசி என்ன சொன்னது?

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு ஐம்பத்தேழு. அதனால் இருவருக்கும் ஒரு குறையும் வந்துவிடவில்லை.

குருவின் பெயர் ஆவுடைச்செல்வி. பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடி அறையில், 'துணைச்சக்கரம்' அறக்கட்டளையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. நடக்க முடியாதவர்களுக்கு, கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி செய்து இலவசமாகக் கொடுக்கிற அறக்கட்டளை அது.

சீடர் சங்கரபாகம் முப்பது வருஷம் தொலைபேசி லைன்மேனாக இருந்தவர். கம்பம் கம்பமாக ஏறி முழங்கால் தேய்ந்ததும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்று ஆவுடையிடம் வந்து சேர்ந்தார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள். அவர் அவளைக் குருவம்மா என்றார். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று அவள் ஒரு மாதம் சொல்லிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். ஐம்பத்தேழு வயதில் ஒரு மனிதர் பிடிவாதம் பிடித்தால் யார் என்ன செய்ய முடியும்?

வண்டி வேண்டும் என்பவர்கள் அறக்கட்டளையின் இணையதளத்தில் பெயரையும் கை கால் அளவுகளையும் பதிய வேண்டும். அந்தத் தளத்தை ஊருக்குக் காட்டுகிற சர்வர் மாடி அறையில் இருந்தது. பெயர், அளவு எல்லாவற்றையும் அட்டவணை போட்டுச் சேர்த்து வைக்கிற டேட்டாபேஸும் அதே பெட்டிக்குள்தான் இருந்தது. வண்டி செய்கிற பட்டறையோ ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால், தென்காசியில். ஒவ்வொரு முறையும் பட்டியலை அச்சடித்து பஸ்ஸில் கொடுத்தனுப்புவார்கள். ஒருமுறை அது மழையில் நனைந்து, ஒரு தாத்தாவின் வண்டி குழந்தை வண்டி அளவுக்கு வந்து சேர்ந்தது.

அதனால் இந்த வருஷம் ஒரு முடிவு செய்தார்கள். டேட்டாபேஸ் தென்காசிப் பட்டறையின் புதுக் கம்ப்யூட்டரில் இருக்கட்டும். தளம் பாளையங்கோட்டையிலேயே இருக்கட்டும். இரண்டையும் இணைத்துவிட்டால், இங்கே ஒருவர் பதிகிற அளவு அடுத்த நொடியே பட்டறைத் திரையில் தெரியும்.

ஆவுடை அந்த வேலையைச் சங்கரபாகத்திடம் கொடுத்துவிட்டு, தங்கையின் பிரசவத்துக்காகப் பத்து நாள் சாத்தூருக்குக் கிளம்பினாள். வாசல்வரை வந்தவர் ஒரு கேள்வி கேட்டார்.

"குருவம்மா, இணைப்பு கிடைச்சிட்டுன்னு எப்படித் தெரிஞ்சிக்கிடுதது?"

"வந்து சொல்லுதேன் அண்ணாச்சி. பஸ் வந்துட்டு."

பத்து நாள் கழித்து, ஒரு கிலோ சாத்தூர் காரச்சேவோடு திரும்பி வந்தாள். சங்கரபாகத்துக்கு வாயெல்லாம் பல்.

"நீங்க போன அன்னைக்கே முடிச்சிட்டேன் குருவம்மா. இருநூத்திப் பதினாலு பேர் பதிஞ்சாச்சு. ஒருத்தருக்கும் ஒரு தடங்கல் கிடையாது. முதல் பேரு நம்ம முப்பிடாதி. நானே பக்கத்துல உக்காந்து பதிஞ்சேன்."

முப்பிடாதி கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். ஜெராக்ஸ் எடுத்த கையோடு ஜாக்கெட்டும் தைப்பாள். சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் போய்விட்டன. தினமும் அவள் அக்காள் புருஷன் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து கடையில் இறக்கிவிடுவார். அவருக்கு வேலை இருந்தால் கடைக்கு லீவு. "என் கடைக்கு நானே வரணும், நானே பூட்டிட்டுப் போகணும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்று சங்கரபாகத்திடம் சொல்லியிருந்தாள். அவரும் நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

"வேகம் எப்படி?" என்றாள் ஆவுடை.

"அதைக் கேளுங்க. கண்ணை மூடித் தொறக்கதுக்குள்ள பதில் வருது. தென்காசி பக்கத்து வீடு மாதிரி இருக்கு. அந்தக் காரச்சேவை இப்பப் பிரிக்கலாமா?"

"இணைப்பு கிடைக்கட்டும், பிரிப்போம்."

"அதான் கிடைச்சிட்டே."

"தென்காசி என்ன சொல்லுது?"

"தென்காசிய எதுக்குக் கேக்கணும்? எல்லாம் இங்கயே தெரியுதே."

ஆவுடை பொட்டலத்தை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. தென்காசிப் பட்டறையின் மேஸ்திரி மைதீன் பிச்சை.

"ஆவுடையம்மா, ஊர்ல இருந்து வந்தாச்சா? நல்லதாப் போச்சு. இந்த வருஷம் யாருக்கும் வண்டி வேண்டாமா?"

"ஏன் மேஸ்திரி?"

"பத்து நாளா புதுக் கம்ப்யூட்டருக்கு முன்னாடி உக்காந்திருக்கேன். ஒரு பேரு வரலை. வண்டிக்குக் குழாய் வாங்கி அடுக்கியாச்சு, பயலுக பஜ்ஜி தின்னுட்டு இருக்கானுக. வேற ஒரு பார்ட்டி இதே குழாயைக் கேக்கான். சாயங்காலம் ஆறு மணிவரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள பட்டியல் வரலைன்னா குழாய் அவனுக்குப் போயிரும். அப்புறம் அடுத்த சரக்கு தை மாசந்தான்."

சங்கரபாகம் போனை வாங்கிக்கொண்டார்.

"மேஸ்திரி, உங்க திரையிலதான் ஏதோ கோளாறு. ஒருக்கா அணைச்சிப் போடுங்க."

"நாலு தடவை அணைச்சிப் போட்டாச்சுவே."

"இங்க இருநூத்திப் பதினாலு இருக்கு."

"இங்க ஒண்ணுகூட இல்ல."

"உங்களுக்குப் பாக்கத் தெரியலை."

"ஒண்ணுமில்லாததப் பாக்க என்னவே தெரியணும்?"

சங்கரபாகம் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். மைதீன் பிச்சையும் லேசுப்பட்டவர் இல்லை. சண்டை முற்றுவதற்குள் ஆவுடை போனை வாங்கி, கொஞ்ச நேரத்தில் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தாள்.

பிறகு எழுந்து சர்வரின் பின்பக்கம் கையை விட்டாள். நெட்வொர்க் வயரைப் பிடுங்கிச் சங்கரபாகத்தின் இடது கையில் கொடுத்தாள்.

"என்ன குருவம்மா இது? இப்பத் தளம் வெளியில ஒருத்தருக்கும் தெரியாதே."

"ரெண்டு நிமிஷந்தான். அதைப் பிடிச்சிக்கிட்டு, சர்வர் முன்னாடியே உக்காந்து ஒரு பதிவு போடுங்க."

"யார் பேர்ல?"

"உங்க பேர்ல. சங்கரபாகம், ஐம்பத்தேழு. கை நீளம் முன்னூறு சென்டிமீட்டர்."

"மூணு மீட்டரா? எனக்கா?"

"போடுங்க அண்ணாச்சி."

ஒற்றைக் கையால் தட்டினார். பொத்தானை அழுத்தினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் திரையில் பச்சை எழுத்து வந்தது.

*உங்கள் பதிவு ஏற்கப்பட்டது. நன்றி.*

சங்கரபாகம் திரையைப் பார்த்தார். கையில் இருந்த வயரைப் பார்த்தார். அதன் மறுமுனை எங்கே போகிறது என்று சுவர்வரைக்கும் பார்த்தார். அறுந்த கம்பியில் பேச்சு போகாது என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

"அப்ப இது பத்து நாளா யார்கிட்ட பேசிட்டு இருந்துச்சு?" என்றார் மெதுவாக.

ஆவுடை வயரை வாங்கித் திரும்பச் செருகினாள்.

டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது என்று தளத்துக்குச் சொல்கிற ஒரு கோப்பு உண்டு. அதைத் திறந்ததும் விஷயம் வெளிச்சமாகிவிட்டது. தென்காசியின் முகவரியை அவர் சரியாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் அதற்குக் கீழே பழைய வரியும் அப்படியே இருந்தது: டேட்டாபேஸ் இதே கம்ப்யூட்டரில் இருக்கிறது என்ற வரி. கோப்பில் கடைசியாகச் சொன்னது எதுவோ அதுதான் செல்லும். பழைய டேட்டாபேஸையும் அவர் நிறுத்தவில்லை.

"பழைய வரியை ஏன் அழிக்கலை?"

"லைன்மேன் புத்தி குருவம்மா. புதுக் கம்பி இழுத்தாலும் பழைய கம்பிய அறுக்காதேன்னு பழகிட்டோம். ஒரு பாதுகாப்புக்குத்தான் வச்சேன்."

"பாபநாசம் மலையில லைன் போட்ட கதை சொல்லுவீங்களே. அதுல பழைய கம்பி வருமா?"

அந்தக் கதையை அவர் அவளிடம் இருபது தடவையாவது சொல்லியிருப்பார். மலை மேல் கம்பத்தில் இவர். அடிவாரத்தில் கூட்டாளி ஞானமுத்து. லைன் போட்டு முடித்ததும் இவர் மேலிருந்து கூப்பிடுவார். வெயிலில் நின்று கடுப்பான ஞானமுத்து கீழிருந்து வண்டை வண்டையாகத் திட்டுவான். அந்தத் திட்டு காதில் விழுந்தால்தான் இவர் கம்பத்தை விட்டு இறங்குவார்.

சங்கரபாகம் பழைய வரியை அழித்தார்.

உடனே எல்லாம் நின்றுபோனது. பதிவுப் பக்கம் திறக்கவில்லை. வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அரை நிமிஷம் கழித்து, பதில் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்ப மௌனமானது. மணி பன்னிரண்டு.

"இருந்ததும் போச்சு," என்றார் சங்கரபாகம். அவருக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. கீழே முப்பிடாதியின் ஜெராக்ஸ் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. "பழைய வரியப் போட்டுரவா?"

"போட்டா என்ன சொல்லும்?"

"நன்றின்னு சொல்லும்."

"வேணுமா?"

வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

ஆவுடை தென்காசிக்குப் போன் போட்டாள். பட்டறையின் நெட்வொர்க்கில் ஒரு காவல் உண்டு. வெளியிலிருந்து யார் தட்டினாலும் காது கேளாத மாதிரி இருந்துவிடும். அதில் டேட்டாபேஸுக்கு உள்ள வாசலை மட்டும், அதுவும் பாளையங்கோட்டை முகவரிக்கு மட்டும், திறக்க வேண்டும். டேட்டாபேஸுக்கும் வெளியாள் சத்தத்துக்குக் காது கொடுக்கச் சொல்ல வேண்டும். மைதீன் பிச்சை வெல்டிங் பிடித்த விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். நடுவில் தொழுகைக்குப் போய்விட்டு வந்தார். சாப்பிட்டார். மறுபடியும் தட்டினார். ஒரு எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டு, அதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் போனது.

மூன்றே முக்காலுக்குச் சங்கரபாகம் மறுபடியும் பொத்தானை அழுத்தினார். இந்தத் தடவை வட்டம் சுற்றவில்லை. சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்து விழுந்தது.

*அனுமதி இல்லை.*

அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"முடிஞ்சிது. உள்ள விடமாட்டேங்குது."

ஆவுடை எழுந்து போய் அலமாரியின் மேலிருந்த பொட்டலத்தை எடுத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். காரச்சேவு வாசம் அறை முழுக்கப் பரவியது. ஒரு கை அள்ளி அவர் முன்னால் ஒரு காகிதத்தில் வைத்தாள்.

"குருவம்மா, கேலி பண்ணுதீங்களா? அனுமதி இல்லன்னுல சொல்லுது."

"யாரு சொல்லுதா?"

"தென்காசி..." என்றவர் பாதியில் நிறுத்தினார். சிவப்பு எழுத்தை இன்னொரு தடவை படித்தார். பிறகு ஒரு காரச்சேவை எடுத்து வாயில் போட்டார். முகம் மெல்ல மலர்ந்தது.

"ஞானமுத்து திட்டிட்டான்," என்றார்.

அனுமதி வாங்குவது அதற்குப் பிறகு சின்ன வேலைதான். யார் வருகிறார்கள், எங்கிருந்து வருகிறார்கள், ரகசியச் சொல் என்ன என்பதைத் தென்காசியில் எழுதி வைக்க வேண்டும். சங்கரபாகம் உற்சாகத்தில் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"மேஸ்திரி, எதுக்குத் தலைவலி? யார் எங்க இருந்து வந்தாலும் விடலாம்னு ஒரே போடாப் போட்டுருங்க."

"நல்லாருக்குவே. ஊர்க்காரன் கை கால் அளவு, வீட்டு விலாசம் எல்லாம் உள்ள கிடக்கு. உம்ம வீட்டு பீரோவத் தொறந்து போட்டுட்டு நீரு சந்தைக்குப் போவீரா?"

சங்கரபாகம் பணிந்து தன் சர்வரின் முகவரியை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். நாலரைக்குத் தளம் திறந்தது. முன்னைவிட ஒரு கண்சிமிட்டு தாமதமாகத்தான் திறந்தது. ஐம்பது கிலோமீட்டர் போய்விட்டு வர வேண்டுமே. இங்கே பழைய டேட்டாபேஸில் தங்கிப்போன பெயர்களையெல்லாம் மூட்டையாகக் கட்டி அனுப்பினார்கள். ஐந்து மணிக்குத் தென்காசியிலிருந்து போன்.

"வந்துட்டுவே. இருநூத்திப் பதினஞ்சு. அந்தப் பார்ட்டிக்குக் குழாய் இல்லன்னு சொல்லிட்டேன். பயலுக பஜ்ஜிய வச்சிட்டு எந்திரிச்சிட்டானுக."

சங்கரபாகம் சந்தோஷத்தில் இரண்டு கையாலும் காரச்சேவு அள்ளினார். ஆறு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அது ஒரு சுகம்.

ஐந்தரைக்கு மறுபடியும் போன். மைதீன் பிச்சை சிரிக்கிற சிரிப்பில் முதலில் பேச்சே வரவில்லை.

"அண்ணாச்சி, இதுல சங்கரபாகம்னு ஒரு ஆளு. கை நீளம் மூணு மீட்டர். இவருக்கு பிரேக்க எங்கவே வைக்க? அடுத்த தெருவுலயா?"

"அதை அடிச்சிருங்க மேஸ்திரி. அது நான்தான்."

"நீரா? அடுத்த தடவை வரும்போது கையப் பாக்கணும். சரி, அது கிடக்கட்டும். முதல் பேரு முப்பிடாதி. இடது கை ஐம்பத்தாறு, வலது கை அறுபத்தஞ்சுன்னு போட்டிருக்கு. சரியா? அந்தப் பிள்ளைக்கு ஒரு கை அவ்வளவு நீளமா?"

சங்கரபாகத்தின் சிரிப்பு நின்றது.

"ஏன் கேக்கேன்னா, பிரேக் வலது கைப் பக்கம். அறுபத்தஞ்சுக்கு வச்சிட்டோம்னு வையும், கை ஐம்பத்தாறுன்னா எட்டாது. மேம்பாலத்துல இறங்கையில பிடிக்கப் பாத்தா பிடி கிடைக்காது. குழாய வெட்டப் போறேன். பாத்துச் சொல்லும்."

முழங்கால் வலியை மறந்து சங்கரபாகம் படியிறங்கி ஓடினார். முப்பிடாதி ஒரு ஜாக்கெட்டுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வலது கையை நீட்டும்மா."

"என்ன சித்தப்பா, வளையல் போடப் போறீங்களா?"

அவள் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துத் தோளிலிருந்து மணிக்கட்டுவரை வைத்தார். ஐம்பத்தாறு. நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தடவை வைத்தார். ஐம்பத்தாறுதான். ஐந்தையும் ஆறையும் அவர் கைதான் மாற்றிப் போட்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, பொறுப்பாக, முதல் பெயராக.

"வண்டி வந்துருமா சித்தப்பா?"

"வந்துரும் தாயி. பிரேக்கோட வரும்."

மேலே வந்து போனில் சொன்னார். மறுமுனையில் மைதீன் பிச்சை திரும்பி, "ஐம்பத்தாறுலே, ஐம்பத்தாறு" என்று யாருக்கோ கத்துவதும், அதன் பின்னால் குழாய் வெட்டும் மிஷின் கிரீச்சிடுவதும் கேட்டன. அந்தச் சத்தம் நிற்கும்வரை சங்கரபாகம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். வேர்த்திருந்தது. பொட்டலத்தில் காரச்சேவு பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது.

"குருவம்மா, நீங்க ஊருக்குப் போன அன்னைக்கு ஒண்ணு கேட்டேன். இணைப்பு கிடைச்சிட்டுன்னு எப்படித் தெரிஞ்சிக்கிடுததுன்னு. வந்து சொல்லுதேன்னீங்க. இன்னும் சொல்லலை."

ஆவுடை காகிதத்தில் மிஞ்சிய துணுக்குகளை விரலால் ஒற்றி எடுத்தாள்.

"முப்பிடாதி கை அறுபத்தஞ்சுன்னு பத்து நாளைக்கு முன்னாடி போட்டீங்களே அண்ணாச்சி. அப்ப நம்ம பெட்டி என்ன சொல்லுச்சு?"

சங்கரபாகம் யோசித்தார்.

"'உங்கள் பதிவு ஏற்கப்பட்டது. நன்றி'ன்னு சொல்லுச்சு."

"தென்காசி என்ன சொல்லுச்சு?"

"'சரியா?'ன்னு திருப்பிக் கேட்டுச்சு," என்றார் சங்கரபாகம். முப்பிடாதியின் டேப் இன்னும் அவர் கையிலேயே இருந்தது.